பாய்க்குப் போன கடல்பாசி

பூரியைப் பார்த்தால் மனிதனுக்குப் பசி வரும். வேகம் அண்ணாச்சிக்கு மட்டும் சந்தேகம் வரும். அமீரகத்துத் தமிழர்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினாலும் இப்படி ஒரு பிறவி அகப்படாது என்று நான் எழுதிக் கையெழுத்தே போட்டுத் தருவேன். தட்டில் விழுந்த பூரியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஓரத்தை விரலால் அமுக்குவார். "விரிவு பத்தாதுவே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அதையும் தின்றுவிடுவார்.

அபுதாபியின் தொழிற்பேட்டையான முசஃபாவில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில், ஓர் அறையில் ஆறு பேர் இருக்கிறோம். நான் ஒரு கேரேஜில் ஸ்டோர் கீப்பர். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். அவருடைய சொந்தப் பெயர் விசாவில் இருந்திருக்கும், எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை. எதைக் கண்டாலும் வேகத்தைப் பற்றிப் பேசுவதால் அந்தப் பெயர். குழாய் சொட்டினால் சொட்டின் வேகம். அறையில் இருக்கும் முருகேசன் தும்மினால், நேற்றைய தும்மல் இதைவிட வேகம் என்று ஒப்பீடு. ஒருநாள் சண்டையில் ஒருவன் வீசிய குப்பூஸ் ரொட்டி என் காதை உரசிக்கொண்டு போனது. அண்ணாச்சி சண்டையை விலக்கவில்லை. வீசியவனிடம், அதே மாதிரி இன்னொரு தடவை எறியச் சொன்னார்.

என்ன வேலை என்று கேட்டால் "டெஸ்டிங்" என்பார். முசஃபாவில் டெஸ்டிங் என்றால் கான்கிரீட்தான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

எதிர் அறையில் கீழக்கரை பாய் இருக்கிறார், ஏசி மெக்கானிக். நோன்பு மாதம் பிறந்துவிட்டால் தினமும் எங்களுக்கு ஒரு தூக்குவாளி நோன்புக்கஞ்சி வரும். தான் பட்டினி கிடந்து எங்களுக்குக் காய்ச்சித் தருகிற மனிதர். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பது அண்ணாச்சி போட்ட சட்டம். வாழைப்பழமோ வடையோ ஏதாவது போட்டுத்தான் கொடுப்போம்.

ஒரு நோன்பு நாளில் மெஸ் சமையல் முறை முருகேசனுடையது. அரியலூர்ப் பையன், கை தாராளம், புத்தி அவசரம். பாத்திரத்தில் போட வீட்டில் ஒன்றுமில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தால் பெரிய தட்டில் பளபளவென்று ஒரு கட்டி. முந்தின நாள் அண்ணாச்சி கொண்டுவந்து வைத்தது. கடல்பாசி! நோன்பு திறக்க பாய் வீடுகளில் வைக்கிற ஜெல்லி இனிப்பு. பாய்க்காக அண்ணாச்சி ரகசியமாகச் செய்திருக்கிறார் என்று இவனாகவே முடிவு கட்டினான். துண்டு போட்டான், சர்க்கரைப் பாகும் ரோஸ் சர்பத்தும் ஊற்றினான், பாதாம் சீவிப் போட்டான். நோன்பாளிக்குக் கொடுப்பதை எச்சில் பண்ணக் கூடாது என்று ருசிகூடப் பார்க்கவில்லை. நடுவில் கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டதாம், கிராம்பு என்று நினைத்தானாம்.

சாயங்காலம் பாய் தன் அறையில் எங்களையும் உட்காரச் சொன்னார். பேரீச்சை, கஞ்சி, சமோசா, நடுவில் எங்கள் கடல்பாசி. முருகேசன் அதைப் படமெடுத்து அறை வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பிறகு மரியாதைக்காக எல்லோரும் ஃபோனை சைலண்டில் போட்டோம்.

பாங்கு ஒலித்தது. பாய் பேரீச்சையை எடுக்கப் போனவர், எங்கள் மனம் குளிரட்டும் என்று கையை மாற்றி ஒரு துண்டு கடல்பாசியை எடுத்தார். கதவு படாரென்று திறந்தது. அண்ணாச்சி! யூனிஃபார்ம் வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. பாயின் கையிலிருந்த துண்டைத் தட்டிவிட்டார். தட்டையும் இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார்.

நோன்பு திறக்கிற வேளையில், அரபு மண்ணில், ஒரு பாயின் கையிலிருந்து உணவைத் தட்டிவிட்ட மனிதரோடு நான் ஒரே அறையில் குடியிருக்கிறேன். முருகேசனுக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் கையை அந்தரத்தில் வைத்தபடி அப்படியே இருந்தார்.

அண்ணாச்சிக்கு மூச்சு திரும்ப நேரமாயிற்று.

"தின்னுராதிய பாய். இது துப்பாக்கி வச்சு சுட்டது."

அதிர்ச்சிக்கு மேல் அதிர்ச்சி. பிறகுதான் விஷயம் வந்தது. அவர் வேலை பார்ப்பது துப்பாக்கி சுடும் கிளப்பில். அங்கே ஓர் அர்பாப், அதாவது அரபி முதலாளி, அனுமதி வாங்கிக் கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தானே செய்கிறவர். நாம் குழம்புக்குப் பக்குவம் பார்ப்பதுபோல ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிச் செய்வார். சுட்டதும் கருவியில் வேகம் பார்த்துச் சொல்வது அண்ணாச்சி. சதைக்குள் போனால் தோட்டா எவ்வளவு விரியும் என்று பார்க்க ஜெலட்டின் கட்டி வேண்டும். அதைக் காய்ச்சி உறையவைப்பதும், சுட்டபின் தோட்டாவைத் தோண்டியெடுத்துவிட்டுக் கட்டியை மறுபடி உருக்கி ஊற்றுவதும் அவர்தான். கிளப் ஃப்ரிட்ஜ் பழுது, அதனால் எங்கள் ஃப்ரிட்ஜ். சொன்னால் நாங்கள் பயந்து ஓடிவிடுவோம் என்று எங்களிடம் மூச்சுவிடவில்லை. வேலை முடிந்து வருகிற வேன் சிக்னலில் நின்றபோது படத்தைப் பார்த்திருக்கிறார். ஃபோன் அடித்து அடித்துப் பார்த்து, யாரும் எடுக்காததால் இறங்கி ஓடி வந்திருக்கிறார். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

முருகேசன் மெல்லக் கேட்டான். "அண்ணே, அப்ப அந்தக் கிராம்பு?"

"ஈயம்வே. தோட்டாவுல ஒடஞ்ச துணுக்கு."

அண்ணாச்சி பாயைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "அதோட, அது எந்த மிருகத்து எலும்புல செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது பாய். டப்பாவுல போடல. ஒங்க நோன்பு கெட்டுப் போயிரக் கூடாதுன்னுதான்..."

பாய் ஒரு பேரீச்சையை எடுத்து இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியைத் தன் வாயில் போட்டு நோன்பைத் திறந்தார். மறு பாதியை நீட்டினார். "உக்காருங்க அண்ணாச்சி. மொதல்ல தண்ணியக் குடிங்க." அண்ணாச்சி தட்டைக் கீழே வைக்காமலே அதை வாயில் வாங்கிக்கொண்டார். அந்தத் தட்டை அவரிடமிருந்து பிடுங்க நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

இப்போது அண்ணாச்சி அர்பாபோடு அல் ஐன் நகருக்குப் போய்விட்டார். பூரியைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் நோன்பு மாதத்தில் பாத்திரத்தில் நாங்கள் ஏதாவது போட்டு அனுப்பினால், பாங்கு நேரத்துக்குச் சரியாக அவர் ஃபோன் வந்துவிடும். வேகமும் கேட்பதில்லை, விரிவும் கேட்பதில்லை. "பாய் தின்னாராவே?" என்பார். தின்றுவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று சொன்ன பிறகுதான் வைப்பார். அந்த மாதம் முழுக்க எங்கள் அறையில் யாரும் ஃபோனை சைலண்டில் போடுவதில்லை.