சுண்ணாம்பு போடாத ஆரத்தி

ஒரு காட்டில் சிங்கம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு கல்வி அலுவலர் இருந்தார். அவர் யானை. கர்ஜிக்கத் தெரியாது, சுற்றறிக்கை அனுப்பத் தெரியும். காடு நடுங்குவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த வருஷம் வந்த சுற்றறிக்கை இப்படிச் சொன்னது: “பத்தாம் வகுப்பு வேதியியலை இனி வாழ்க்கைப் பிரச்சினைகளோடு இணைத்து நடத்த வேண்டும். கைவசம் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கற்பித்தல் துணைக்கருவிகளை ஆசிரியர்களே செய்துகொள்ள வேண்டும். அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.” மற்ற பள்ளிகளில் கடைசி வரியை மட்டும் படித்தார்கள். தெர்மாகோலில் ஓர் அணு செய்து, ஜிகினா தூவி, படம் எடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

குளக்கரை உயர்நிலைப் பள்ளியின் வேதியியல் டீச்சர் மரகதம் மட்டும் முதல் வரியிலிருந்து படித்துத் தொலைத்துவிட்டார். அவர் உடும்பு. பிடித்ததை விடுகிற வழக்கம் அந்த வம்சத்திலேயே இல்லை.

பள்ளியில் ஆய்வகம் இருந்தது. சாவி தலைமையாசிரியர் ஆமையிடம் இருந்தது. கண்ணாடிச் சாமான் உடைந்துவிடக் கூடாதே என்று பதினோரு வருஷமாக அவர் அதைத் திறக்கவில்லை. உள்ளே எல்லாம் பத்திரமாக இருப்பதாகக் கேள்வி. அதனால் டீச்சர் மஞ்சளைக் குழைத்து, பழைய வினாத்தாள்களின் பின்பக்கம் பூசி, காயவைத்து, பட்டை பட்டையாகக் கத்தரித்தார்.

“இதை எலுமிச்சம்பழச் சாறுல தொட்டா மஞ்சளாவே இருக்கும். சோப்புத் தண்ணி மாதிரி காரத்துல தொட்டா சிவந்துடும். நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு வீட்டிலேருந்து கொண்டுவாங்க, தொட்டுப் பார்ப்போம்” என்றார்.

மறுநாள் குரங்கு புளித்த மோர் கொண்டுவந்தது. முயல் பல்பொடி கொண்டுவந்தது. தவமணி என்ற தவளைப் பெண் வீட்டிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் வீடு என்பது பள்ளிக்குப் பக்கத்துக் குளம். தாளை அதில் தொட்டதும் குங்குமமாகச் சிவந்தது.

“தவமணி குளிச்ச தண்ணியக் கொண்டாந்துட்டா டீச்சர்!” என்று வகுப்பே சிரித்தது.

தவமணி சிரிக்கவில்லை. “எங்க வீட்ல யாரும் சோப்புப் போடுறதில்ல டீச்சர். ஆனா ரெண்டு மாசமா எல்லாருக்கும் உடம்பு எரியுது. குளம் சரியாகலேன்னா வேற காட்டுக்குப் போயிடலாம்னு அப்பா சொல்றாரு. அங்க எட்டாவது வரைக்கும்தான் இருக்காம்.”

டீச்சர் வகுப்பு முழுவதையும் மஞ்சள் தாளோடு குளத்தைச் சுற்றக் கூட்டிப்போனார். தெற்குக் கரையில் தாள் லேசாகச் சிவந்தது. வடக்கே போகப் போகச் சிவப்பு ஏறியது. கடைசியில் ஒரு கால்வாய் வந்தது. கால்வாயின் மறுமுனையில் சோப்புத்தூள் கம்பெனி. அதன் முதலாளி வராகசாமி என்ற காட்டுப்பன்றி. சோப்பைத் தன் உடம்புப் பக்கம் ஒருநாளும் அண்டவிடாதவர். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான்.

“தலைவரே, கால்வாயை அடைக்கணும். பிள்ளைங்களுக்கு உடம்பு எரியுது” என்றார் டீச்சர்.

“நுரையைப் பார்த்தீங்களா டீச்சர்? பாற்கடல் மாதிரி இருக்கு. நல்லதையே பாருங்க” என்று சொல்லிவிட்டு, வராகசாமி கேன் தண்ணீரில் ஒரு மிடறு குடித்தார்.

டீச்சர் ஆமையிடம் போனார். “பரிசோதனைன்னா விடை புத்தகத்துல இருக்கணும் டீச்சர். இந்தக் குளம் எந்தப் பாடத்துல வருது, சொல்லுங்க?” என்று கேட்டுவிட்டு ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை உள்ளே போன தலை திங்கட்கிழமைதான் வெளியே வந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அடுத்த வாரம் ஆண்டாய்வுக்கு யானை வருகிறார். அவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் ‘அலுவலர் ஆணை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘கால்வாயை அடைக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், தவமணி பத்தாவதை முடித்துவிடுவாள்.

யானை வந்தார். வாசலில் மான் அம்மாக்கள் ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டும். ஆனால் அவர்கள் ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் இருந்தது, சுண்ணாம்பை யாரும் எடுத்துவரவில்லை. இதுதான் சமயம் என்று டீச்சர் முன்னால் வந்தார்.

“ஐயா, இது எங்க குளத்துத் தண்ணி. இதுல நான் மஞ்சள் மட்டும்தான் போடுறேன். வேற எதுவும் இல்ல. நல்லாப் பாருங்க.”

தட்டில் தண்ணீர் ரத்தச் சிவப்பானது. யானையின் கண்கள் விரிந்தன. டீச்சர் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார்.

“சுண்ணாம்பே போடாம சிவந்துடுச்சே!” என்றார் யானை. தும்பிக்கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

மான் அம்மாக்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி தட்டைப் பிடுங்கி, வெற்றிலை வைத்து, கற்பூரம் ஏற்றி, யானைக்கு மூன்று சுற்றுச் சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டாள். “ஐயா, அது காரம்! தோல் எரியும்!” என்று டீச்சர் கத்தியது குலவையில் யாருக்கும் கேட்கவில்லை.

வராகசாமி சட்டென்று புரிந்துகொண்டார். “எல்லாம் குளத்தோட மகிமைங்கய்யா. நாங்க தம்பட்டம் அடிக்கிறதில்ல” என்று பணிவாகச் சொன்னார். ‘அலுவலர் ஆணை’ என்ற கட்டத்தில் யானை எழுதினார்: “இக்குளம் இன்றுமுதல் மங்கள தீர்த்தம் என அழைக்கப்படும்.” திருப்பணிக் குழுத் தலைவராக வராகசாமியே நியமிக்கப்பட்டார். டீச்சர் அன்று வீட்டுக்குப் போய் அழுதார். அழுத பிறகும் பிடியை விடவில்லை.

அடுத்த வாரம் திருப்பணிக் குழுக் கூட்டம் நடந்தது. டீச்சர் எழுந்து வேதியியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “புனிதமான குளத்துல கம்பெனிக் கழிவு வந்து கலக்கலாமா?”

“அபச்சாரம்!” என்று மான் அம்மாக்கள் பதறினார்கள்.

வராகசாமி வாயைத் திறந்தார். கழிவால்தான் சிவக்கிறது என்று சொன்னால் மகிமை போய்விடும். மகிமைதான் என்று சொன்னால் கால்வாய் போய்விடும். திறந்த வாயை மூடிக்கொண்டார். அன்று சாயங்காலமே கால்வாயின் வாயையும் மூடினார்கள்.

இரண்டு மாதம் மழை கொட்டியது. குளம் நிரம்பி வழிந்தது. தவமணிக்குத் தோல் எரிச்சல் நின்றது, பழைய பளபளப்பு வந்தது. அவள் அப்பா மூட்டையைப் பிரித்தார். டீச்சர் தினமும் போய்த் தாளைத் தொட்டுப் பார்த்தார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அந்த மஞ்சளைப் பார்க்க அவருக்கு அத்தனை சந்தோஷம்.

மான் அம்மாக்களும் ஒரு வெள்ளிக்கிழமை பூஜைக்குத் தட்டில் மஞ்சளைப் போட்டார்கள். சிவக்கவில்லை. காடு முழுக்கச் செய்தி பரவியது. மகிமை போய்விட்டது.

“தண்ணி சுத்தமாயிடுச்சும்மா! மஞ்சளாவே இருந்தா நல்ல தண்ணின்னு அர்த்தம்” என்று டீச்சர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

“நல்ல தண்ணி எல்லாக் காட்டுலயும் இருக்கு டீச்சர். மகிமை இங்க மட்டும்தானே இருந்துச்சு” என்றாள் ஒரு மான். அவள் கண் கலங்கியிருந்தது.

வராகசாமி தொண்டையைச் செருமினார். “கால்வாயை அடைச்ச நாளிலேருந்துதான் இப்படி. வியாழக்கிழமை பெரிய ஐயா மறுபடி வர்றாரு. அன்னிக்கும் சிவக்கலேன்னா திறந்துவிட்டுப் பார்ப்போமே?” எல்லாத் தலைகளும் ஆடின. ஆமையின் தலையும் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போனது.

வியாழக்கிழமை காலை ஆரத்தித் தட்டைக் கலக்கும் பொறுப்பு டீச்சருக்கு வந்தது. முதலில் கலக்கிக் காட்டியவர் அவர்தானே. பள்ளிக்குப் பின்னால் அவர் தட்டை வைத்துக்கொண்டு குந்தியிருந்தபோது தவமணி வந்தாள். டீச்சரின் விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

“டீச்சர், இது சுண்ணாம்புதானே?”

“ஆமா.”

“அப்போ இது ஏமாத்துறது இல்லையா?”

டீச்சருக்கும் அது தெரியும். ஏமாற்றுவதுதான். இருபது வருஷமாக, பரிசோதனையில் வராத முடிவை நோட்டில் எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் சிவப்பு மையில் சுழி போட்டவர் அவர். தவமணியின் பளபளப்பான தோலைப் பார்த்தார். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்தார்.

“இது கற்பித்தல் துணைக்கருவிம்மா. கைவசம் கிடைக்கிற பொருள்ல செஞ்சது” என்றார்.

மஞ்சளைப் போட்டதும் தட்டு சிவந்தது. சென்ற முறையைவிட நன்றாகவே சிவந்தது. குலவைச் சத்தம் காட்டைத் தூக்கியது. யானை கண்ணீர் விட்டார்.

வராகசாமிக்கு மூக்கு கூர்மை. தட்டு பக்கத்தில் வந்ததும் சுண்ணாம்பு வாசனை அடித்தது. மூக்கைச் சுருக்கிக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சரும் அவரைப் பார்த்தார். இப்போது எதனால் சிவந்தது என்று சொன்னால், போன முறை எதனால் சிவந்தது என்று கேட்பார்கள். வராகசாமி குனிந்து நெற்றியில் பொட்டு வாங்கிக்கொண்டார்.

தீர்த்தத்தில் இனிக் கழிவே கலக்கக் கூடாது என்று கால்வாய்க்கு நிரந்தரமாகக் கருங்கல் சுவர் எழுப்ப யானை ஆணை எழுதினார். மரகதம் டீச்சருக்கு நல்லாசிரியர் விருதுக்கும் சிபாரிசு செய்தார். தவமணி அந்த வருஷம் பத்தாவது தேறினாள், வேதியியலில் மட்டும் தொண்ணூற்றெட்டு.

நீதி: உண்மையைச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் மடியில் கொஞ்சம் சுண்ணாம்பும் வைத்திருக்க வேண்டும்.