அப்பவே தெரிந்தவர்கள்

'கெல்லர்ட்டன் மூஸ் அணியின் நிரந்தர இருக்கைதாரர்களுக்கு, இருக்கைக் குழு மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்று ஆரம்பித்தது கடிதம். ஆர்வில் டெஷ் அந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திக்கொண்டார். மரியாதையுடன் ஆரம்பித்த கடிதம் எதுவும் அவருக்கு இதுவரை நல்லது செய்ததில்லை.

ஆர்வில் நகராட்சியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று: ஸ்டேடியத்தில் முப்பத்தோராம் வரிசை, பதினாலாம் இருக்கை. சாய்வு நாற்காலியை எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். பதினெட்டு அங்குல அலுமினியப் பலகை. ஜனவரியில் உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது கால்சட்டையில் கொஞ்சம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பதினெட்டு அங்குலத்துக்கு ஆர்வில் பிறந்த வாரமே அவருடைய அம்மா காத்திருப்போர் பட்டியலில் எழுதிவைத்தார். பெயர் வைத்திருக்கவில்லை என்பதால் 'டெஷ், ஆண்' என்று எழுதினார். இடம் வந்தபோது ஆர்விலுக்கு வயது முப்பத்தாறு, அம்மா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதன்பின் இருபது வருஷமாக ஒரு ஆட்டம் விட்டதில்லை.

அதில் பதினொரு வருஷம் வெஸ்லி டார்ன்தான் அந்த அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, தன்னை நசுக்க ஓடிவரும் நாலு தடியர்களைப் பார்த்தபடியே, அதை யாருக்கு எறிவது என்று மூன்று விநாடியில் முடிவு செய்கிற வேலை அது. டார்ன் நன்றாகவே முடிவு செய்தான். ஊரில் பிறந்த ஆண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு வெஸ்லி என்று பெயர். நாய்களில் முக்கால்வாசிக்கு.

மார்ச் ஒன்பதாம் தேதி அவன் ஹால்பர்ன் அணிக்குப் போய்விட்டான். ஹால்பர்ன் என்றால் ஏரிக்கு எதிர்க்கரை. இங்கே குழந்தைகள் சாப்பிட மறுத்தால் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவதாகத்தான் மிரட்டுவார்கள்.

மறுநாள் ஸ்டேடியத்து வாகன நிறுத்தத்தில், டார்னின் பன்னிரண்டாம் எண் போட்ட சட்டைகளை எரித்தார்கள். தீயணைப்புத் துறை முறைப்படி அனுமதி வழங்கியது: நாலிலிருந்து ஆறு மணி வரை, பெயர் அகரவரிசைப்படி. நெருப்பை வீணாக்க மனமில்லாமல் அதிலேயே சாசேஜும் சுட்டுச் சாப்பிட்டார்கள். வரிசைகளில் பன்னிரண்டாவது '11-அ' ஆயிற்று. முட்டைக் கடையில் பதினொன்றும் ஒன்றுமாகக் கேட்டு வாங்கினார்கள். ஸ்டேடிய வாசலில் டார்ன் பந்து எறிவதுபோலவும் இன்னொருத்தர் அதைப் பிடிப்பதுபோலவும் வெண்கலச் சிலை இருந்தது. டார்னை மட்டும் அறுத்துக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். மிச்சமிருந்தவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, போலீசிடம் சரணடைகிறவர் மாதிரி நின்றார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் மனுஷ சுபாவம் என்று விட்டுவிடலாம். இரண்டே வாரத்தில் கோபப்படுவது பழைய பாணி ஆகிவிட்டது. கோபப்பட்டால் ஏமாந்ததாக அர்த்தம், ஏமாந்தவன் என்று பெயர் வாங்க யாருக்கும் இஷ்டமில்லை. அதனால் புதிய பாணி ஒன்று கிளம்பியது: "எனக்கு அப்பவே தெரியும்."

தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கிளெண்டா ரஸ்க் முதலில் போன வருஷமே தெரியும் என்றாள். பக்கத்து ஜன்னல்காரர் அஞ்சு வருஷம் முன்பே தெரியும் என்றதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "அவன் ஊருக்கு வந்த முதல் நாள் சாசேஜுக்குத் தக்காளி சாஸ் கேட்டான்ப்பா. கடுகு சாஸ் கேக்கல. அப்பவே தெரியும் எனக்கு" என்றாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தக்காளி சாஸ் சங்கதி தங்களுக்கும் நினைவிருப்பதாக அன்று சாயங்காலத்துக்குள் நானூறு பேர் சொன்னார்கள்.

இந்தச் சமயத்தில்தான் இருக்கைக் குழு மிகுந்த மரியாதையுடன் அந்தக் கடிதத்தை அனுப்பியது. கூடவே 'முன்னறிவுப் படிவம்'. பெயர், இருக்கை எண், டார்ன் உதவாக்கரை என்று தெரியவந்த தேதி, சாட்சிகள் இருவர். முந்தித் தெரிந்தவர்களுக்கு முன்வரிசை. பிந்தித் தெரிந்தவர்களின் ஆட்ட ஞானம் ஐயத்துக்குரியது என்பதால் அவர்களுடைய இருக்கை மறுபரிசீலனைக்கு உட்படும்.

ஆர்வில் உள்ளதை எழுதினார்: 'மார்ச் 9, மாலை 4.40. பனி தள்ளும்போது ரேடியோவில் கேட்டேன்.' மனைவி நோரீன் அதைப் பார்த்துவிட்டுப் பேனாவை அவர் கையில் திரும்ப வைத்தாள்.

"ஒரு பத்து வருஷம் முன்னாடி போட்டாத்தான் என்ன?"

"தெரியாததத் தெரியும்னு எப்படி எழுதறது?"

"ஊரே எழுதுது. உங்க ஒருத்தருக்குத்தான் கை வலிக்குதாக்கும்."

அவர் மாற்றவில்லை. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை நூலகக் கூடத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். குழுவில் ஐந்து பேர், ஐவர் தலையிலும் மூஸ் என்கிற பெரிய மானின் கொம்பு வைத்த தொப்பி. கலந்தாலோசிக்கக் குனியும்போதெல்லாம் கொம்புகள் மோதிக்கொண்டன. செயலாளர் கிளெண்டா குறிப்பெடுத்தாள். தலைவர் பல் டாக்டர் கார்டன் ப்ரூயிட், முப்பத்தோராம் வரிசையில் பதினைந்தாம் இருக்கைக்காரர். டார்ன் அணிக்கு வருவதற்கு மூன்று வருஷம் முன்பே டிவியில் அவனுடைய கடைவாய்ப் பல்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகப் படிவத்தில் எழுதி, தனக்குத்தானே முதல் வரிசையைச் சிபாரிசு செய்திருந்தார்.

"மனுதாரர் ஆர்வில் டெஷ் என்பவர் தாங்கள்தானா?"

"டாக்டர், இருபது வருஷமா என் தோள்ல சாஞ்சுதானே உக்காந்திருக்கீங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில்."

"நான்தான்."

"அந்த ஆளு உதவாக்கரைன்னு எப்போ தெரிஞ்சுது?"

"இன்னும் தெரியலீங்க. விட்டுட்டுப் போயிட்டான்னுதான் தெரியும். வயிறு எரிஞ்சுது. லாரிய ஓரங்கட்டிட்டு அழுதேன். ஆனா அரையிறுதில பதினோரு விநாடி பாக்கி இருக்கறப்போ அம்பத்திரண்டு கஜம் எறிஞ்சானே, அது உதவாக்கரை எறியற எறியா? அப்படின்னா கோப்பையத் திருப்பிக் கொடுத்துடலாமா?"

கோப்பை நகரசபை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. கொம்புகள் நாற்பது நிமிஷம் மோதின. பிறகு டாக்டர் எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தார்:

"குறிப்பிட்ட நாளில் பந்து எறியப்பட்டது. எறியப்பட்ட பந்து பிடிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகக் கோப்பை பெறப்பட்டது."

"எறிஞ்சது யாரு?" என்று கேட்டார் ஆர்வில்.

"எறியப்பட்டது."

"சரி, எறியப்பட்டுச்சு. உடனே நீங்க என்னைக் கட்டிப்பிடிச்சீங்களே டாக்டர். கன்னத்துல முத்தம் குடுத்தீங்க. உங்க மூக்குச்சளி என் காலர்ல உறைஞ்சு போய் நோரீன் கரண்டியால சுரண்டினா."

டாக்டர் கொஞ்சம்கூட அசரவில்லை. "அன்றைய வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகை. மேற்படி தழுவல் குளிரின் பொருட்டு மேற்கொள்ளப்பட்டது என்று பதிவு செய்யவும்."

"முத்தத்தையும் போடணுமா?" என்று கேட்டாள் கிளெண்டா.

"அதுவும் குளிர்தான்."

ஆர்விலின் இருக்கை பறிக்கப்பட்டது. யார் பறித்தார்கள் என்று அந்த உத்தரவிலும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நின்றவருக்கு அது போயிற்று. அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே டார்னைப் பற்றித் தெரியும் என்று எழுதியிருந்தார், சாட்சிக் கையெழுத்தும் தாயே போட்டிருந்தார்.

அந்தப் பருவம் முழுக்க ஆர்வில் ஆட்டங்களை லாரி ரேடியோவில்தான் கேட்டார். ஸ்டேடியத்தின் இரைச்சல் காற்றில் முதலில் வரும், ரேடியோவில் ஏழு விநாடி கழித்து வரும். எல்லாருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் இன்னும் வந்துசேராத அந்த ஏழு விநாடி, அவருக்கு அம்மா இறந்த வாரம் மாதிரியே இருந்தது. அம்மாவும் பிள்ளையுமாக முப்பத்தாறு வருஷம் காத்திருந்து வாங்கிய இருக்கையை, ஒரு பல் டாக்டர் நாற்பது நிமிஷத்தில் எடுத்துக்கொண்டுவிட்டார் என்பதை நினைத்து நினைத்து மனம் புழுங்கினார்.

அடுத்த ஆகஸ்டில் டார்னுக்கு முழங்கால் போயிற்று. ஆட முடியாது. அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கோ போன பெரிய ஆட்டக்காரன் பழைய அணியோடு ஒரே ஒரு நாளைக்கு ஒப்பந்தம் போட்டு, அன்றைக்கே ஓய்வு பெறுவான். ஆடவெல்லாம் மாட்டான். கையெழுத்துப் போட்டு, பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொள்வான், அவ்வளவுதான். டார்ன் தான் மூஸாகவே ஓய்வு பெற விரும்புவதாகச் சொன்னான்.

ஊர் குலுங்கி அழுதது. கிடங்கிலிருந்து வெண்கல டார்ன் வந்து பழைய இடத்தில் ஒட்டவைக்கப்பட்டான். முட்டைகள் டஜனாக விற்றன. விமான நிலையத்தில் டாக்டர் ப்ரூயிட் டார்னைக் கட்டிப்பிடித்துத் தேம்பினார். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தத் தழுவலுக்கான காரணம் இன்னும் பதிவு செய்யப்படவில்லை.

முன்னறிவுப் படிவங்கள் எல்லாம் வாகன நிறுத்தத்தில் எரிக்கப்பட்டன, நாலிலிருந்து ஆறு மணி வரை, சாசேஜுடன். எரியாமல் மிஞ்சியது ஒரே ஒரு கோப்பு. நிராகரிக்கப்பட்டவை தனி அலமாரியில் இருந்தன, அதில் ஆர்வில் மட்டும்தான் இருந்தார். கிளெண்டா அவரைத் தபால் ஜன்னலுக்குக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்தாள்.

"ஏம்ப்பா, 'வயிறு எரிஞ்சுது'ன்னு உன் வாக்குமூலத்துல இருக்கு. டார்ன் மேல யாராவது கோபப்பட்டதா இந்த ஊர்ல எழுத்துல இருக்கறது உன்னோடது ஒண்ணுதான். துரோகின்னா இப்போ நீதான்."

"எல்லாரும் சேந்து சட்டைய எரிச்சீங்களே."

"எரிக்கப்பட்டுச்சு" என்றாள் கிளெண்டா. பிறகு புதிய படிவம் ஒன்றை நகர்த்தினாள். 'டார்ன் திரும்பி வருவார் என்று தெரியவந்த தேதி.' குரலைத் தாழ்த்தி, "உன் இருக்கை வாங்கினவருக்கு அது இன்னும் நிரந்தரமாகலை. இத மட்டும் ஒழுங்கா எழுது" என்றாள்.

ஆர்வில் பேனாவை எடுத்தார். வெகு நேரம் யோசித்தார். முப்பத்தோராம் வரிசை, பதினாலாம் இருக்கை. 'டெஷ், ஆண்.' பிறகு எழுதினார்: 'மார்ச் 9, மாலை 4.41.'

"ஒரே நிமிஷத்துலயா தெரிஞ்சுது?"

"அழுதுட்டிருந்தப்பவே தெரியும்" என்றார். சொன்ன பிறகு அது அப்படி ஒன்றும் கடினமாக இல்லை என்று பட்டது.

செப்டம்பர் முதல் ஆட்டத்தில் ஆர்வில் தன் பதினெட்டு அங்குலத்தில் உட்கார்ந்திருந்தார். பதினைந்தில் டாக்டர். முதல் வரிசைக்கான படிவம் சாம்பலாகிவிட்டதால் அவரும் பழைய இடத்துக்கே வந்திருந்தார். இரண்டு பேரும் கடுகு சாஸ் தடவிய சாசேஜ் சாப்பிட்டார்கள், எதுவுமே நடக்காத மாதிரி. களத்தில் புதிய குவார்ட்டர்பேக், இருபத்து மூன்று வயது. அவன் எறிந்த முதல் பந்தே எதிரணிக்காரன் கைக்குப் போயிற்று.

"இவன் தேறமாட்டான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றது ஒரு குரல். யார் என்று ஆர்வில் திரும்பிப் பார்த்தார். வரிசையே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் பேனாவை நீட்டினார். ஆர்வில் சாசேஜ் சுற்றிவந்த காகிதத்தை விரித்துத் தேதியும் மணியும் குறித்தார். டாக்டர் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தனக்கும் ஒரு காகிதம் கேட்டார். பேனா கை மாறி வரிசைக் கடைசி வரை போயிற்று. எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது களத்தில் பந்து இன்னொரு முறை எறியப்பட்டது. அது அறுபது கஜம் போய்ச் சொந்த அணிக்காரன் கையில் சேர்ந்ததை முப்பத்தோராம் வரிசையில் ஒருவரும் பார்க்கவில்லை. இன்று கேட்டால் எல்லாரும் பார்த்ததாகத்தான் சொல்கிறார்கள்.