அனந்தபுரத்துக் கூட்டமும் திரும்பி வந்த கரண்டும்

விளையாடத் தெரியாதவனுக்குத்தான் விளையாட்டைப் பற்றி எல்லாம் தெரியும். ஆடுகிறவனுக்குப் பந்தைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் நாளைக்கு யார் பெரிய ஆளாக வருவான், யார் வீணாய்ப் போவான், எந்த ஊர்க் கூட்டத்துக்கு ரசனை உண்டு, எந்த ஊர்க் கூட்டத்துக்கு வெறும் தொண்டை மட்டும் உண்டு என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் அப்படித் தெரிந்தவன் நான் ஒருவன்தான். (நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் வேறு மாதிரி நினைத்தது என்பது பிறகு தெரிந்தது.)

அப்போது எனக்குக் கல்யாண வயது. மல்லாட்டை மண்டியில் வேலை. (வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம்.) மண்டி சாத்தியதும் நேராகக் கோட்டை அடிவாரத்து மைதானம். எங்கள் ஊர் வாலிபால் குழு அங்கேதான் பழகும். நானும் ஒரு காலத்தில் ஆடிப் பார்த்தவன்தான். நான் போட்ட முதல் சர்வீஸ் நெட்டுக்கு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. பக்கவாட்டில் போய், மேய்ந்துகொண்டிருந்த எருமையின் மேல் பட்டது. அந்த எருமை திரும்பி என்னைப் பார்த்த பார்வையோடு ஆட்டத்தை விட்டுவிட்டு அபிப்பிராயத்துக்கு மாறிக்கொண்டேன்.

ஆட்டக்காரனின் எதிர்காலத்தைக் கணிப்பதில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. அவன் பந்து அடிப்பதைப் பார்க்க மாட்டேன். அதை யாரும் பார்ப்பார்கள். அவன் தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பேன். அண்ணாந்து குடித்தால் முன்னேறுவான், சப்பிக் குடித்தால் தேற மாட்டான். இந்த முறைப்படி, வல்லத்துப் பையன் ஒருவன் மெட்ராஸ் மாகாணத்துக்கே ஆடுவான் என்று அறிவித்தேன். அவன் அடுத்த மாதமே மாமனார் ஊரில் பம்புசெட் ரிப்பேர் செய்யப் போய்விட்டான். தேறவே மாட்டான் என்று நான் கைகழுவிய ஒருவன் ஆட்டத்தாலேயே போலீஸ் உத்தியோகம் வாங்கினான். இதனாலெல்லாம் என் நம்பிக்கை குறையவில்லை.

போதாததற்கு, எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு எப்படியோ ஓர் அமெரிக்கப் பத்திரிகை பழசாக வந்து சேரும். அதில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டத்தின் படங்கள் இருக்கும். கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் இளைஞர்களைப் பார்த்து, "இவன் வருவான், இவன் வர மாட்டான்" என்று தீர்ப்புச் சொல்வேன். அந்த ஆட்டத்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இன்னொரு பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுவதும், கூரை போட்ட பெரிய கூடத்தில் ஊரே திரண்டு வாயைப் பிளந்து கத்துவதும் படமாக இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தபின் எங்கள் பக்கத்துக் கூட்டம் எதுவும் என் கண்ணுக்குப் பிடிக்காமல் போயிற்று.

இந்த அபிப்பிராயங்களையெல்லாம் தினமும் கேட்டவன் என் சிநேகிதன் காதர். சைக்கிள் கடை வைத்திருந்தான். பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்பான். "நீ ஒருத்தன மட்டும் நல்லா வருவான்னு சொல்லிடாதப்பா, பாவம்" என்பான்.

அந்த வருஷம் கோடையில் செஞ்சியில் பெரிய வாலிபால் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊரும் பக்கத்து ஊரான அனந்தபுரமும் மோதுவதாக ஆயிற்று. வழக்கமாக மைக்கில் பேசும் டிரில் மாஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. யாரைப் பேச வைப்பது என்று குழுவினர் யோசித்தபோது, நான் ஏற்கெனவே மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். (முதல் நாளிலிருந்தே அங்கேதான் நின்றேன்.)

அதே சமயத்தில் வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் அனந்தபுரம். தரகர் வந்து நைனாவிடம் (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) விவரம் சொன்னபோது நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் இறுதி ஆட்டத்தில் முதல் சர்வீஸை யார் எடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா ஏதோ வியாபாரம் என்றார். அண்ணன் ஒருத்தன் என்றார். போட்டோ ஒன்று கொடுத்தார். நாற்காலியில் பெண்ணும் அம்மாவும், பின்னால் அப்பா. பெண் லட்சணமாக இருந்தாள். "சரி" என்றேன். வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

ஆட்டத்தன்று மைதானம் நிரம்பி வழிந்தது. அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் வந்து, எதிர்ப்பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். புளியமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்கள் ஒன்று கூட்டத்தைப் பார்த்தும், ஒன்று கடைத்தெருவைப் பார்த்தும் இருந்தன. நான் வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வழிய, "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே" என்று ஆரம்பித்தேன். ராஜகிரி மலை அதை வாங்கிக்கொண்டு, "பெருமக்களே" என்று திருப்பிச் சொன்னது. எனக்குப் புல்லரித்தது.

முதல் செட்டை எங்கள் ஊர் எடுத்தது. இரண்டாவது செட்டின் நடுவில் கரண்ட் போனது. மைக் செட்காரர் எழுந்து டீ குடிக்கப் போனார். வாய்க்கு ஓய்வு கிடைத்ததே என்று சாதாரண மனிதன் நினைப்பான். நான், பக்கத்தில் பாயிண்ட் குறித்துக்கொண்டிருந்த காதரிடம் திரும்பினேன். மைக் எனக்கும் அவனுக்கும் நடுவில், மேஜை மேல், அப்படியே இருந்தது.

"அனந்தபுரத்து நாலாம் நம்பர்காரன் நல்ல ஒசரமா இருக்கான்பா. பயமா இருக்குது" என்றான் காதர்.

"அவனா? ஒசரம் இருந்து இன்னா பண்றது? எழும்பறதப் பாத்தியா? ஒட்டகம் எழுந்திருக்கிற மாதிரி நாலு தவணையில எழும்பறான். அவனுக்கு இந்த ஆட்டத்துல எதிர்காலமே கெடையாது. அந்தக் கை ஜவுளிக்கடையில முழம் போடத்தான் லாயக்கு."

அந்தக் காலத்து ஒலிபெருக்கிப் பெட்டி உடனே பேசாது. கரண்ட் வந்ததும் உள்ளே இருக்கிற வால்வு மெல்லச் சூடேற வேண்டும். குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும். பட்டப்பகலில் கரண்ட் வந்ததைக் காட்ட விளக்கும் இல்லை. ஆகவே, மலைப் பக்கமிருந்து "முழம் போடத்தான் லாயக்கு" என்று மெலிசாக ஒரு குரல் கேட்டபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. மகிழ்ச்சிதான் வந்தது.

"பாத்தியா, அங்க எவனோ ஒருத்தன் அதையேதான் சொல்றான். வெவரமான ஆளு!"

காதருக்கு அது காதில் விழவில்லை. அவன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். "அவங்க ஊரு கூட்டம் நெறையா வந்திருக்குதே" என்றான்.

"கூட்டமா அது? கைதட்டறாங்களே, களத்துல மல்லாட்டை காயவெச்சிட்டுக் காக்கா ஓட்டற மாதிரி! கூட்டம்னா அமெரிக்காவுல காலேஜு பசங்க ஆட்டத்துக்கு வருது பாரு, அது கூட்டம். இதுங்க பஸ்ஸுக்கு நிக்கற கூட்டம்."

எதிர்ப்பக்கம் திடீரென்று சத்தம் அடங்கியது. எனக்கு அதிலும் ஓர் அபிப்பிராயம் இருந்தது.

"இன்னா அமைதியாயிட்டாங்க பாரு. இப்பதான் ரசனை வந்திருக்குது."

"அப்படிச் சொல்லாதப்பா. உனக்குப் பொண்ணு பாக்கறது அந்த ஊருல தானே?"

"பொண்ணு குடுக்கறாங்கன்றதுக்காக ஆட்டம் தெரியும்னு சொல்ல முடியுமா? பொண்ணு நல்லாத்தான் இருக்குது. மாமனாராவப் போறவரைத்தான் போட்டோவுல பாத்தேன். வாலிபால் கம்பத்துக்கு வேட்டி கட்டி நிக்க வெச்ச மாதிரி இருக்காரு!"

வால்வு இதற்குள் நன்றாகச் சூடேறியிருந்தது. "வேட்டி கட்டி நிக்க வெச்ச மாதிரி இருக்காரு" என்று புளியமரம் சொன்னது. கடைத்தெரு சொன்னது. ராஜகிரி, கொஞ்சம் தாமதித்து, நிதானமாகச் சொன்னது.

காதர் பென்சிலைக் கீழே போட்டான். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆட்டம் நின்றிருந்தது. இரண்டு ஊர் ஆட்டக்காரர்களும், நடுவரும், அத்தனை கூட்டமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் நம்பர்காரன் பந்தைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை: "அய்யய்யோ." அதுவும் நன்றாகக் கேட்டது.

அதன்பின் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். நாலாம் நம்பர்காரன் அடித்த ஒவ்வொரு அடியும் எங்கள் பக்கத்து மண்ணைக் கிளப்பியது. அடித்துவிட்டு ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்த்தான். அனந்தபுரத்துக் கூட்டம் மொத்தமாக எழுந்து நின்று, "ஹோய், ஹோய்" என்று என் பக்கம் கையை வீசிக் காக்கா ஓட்டியது. பாயிண்டை நான்தான் மைக்கில் சொல்ல வேண்டும். சொன்னேன். என் குரல் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப்போன பிள்ளையின் குரலாக இருந்தது. எங்கள் ஊர் தோற்றது. தோற்றுப்போன எங்கள் பசங்களே அவனுக்குக் கைதட்டினார்கள்.

சிறந்த ஆட்டக்காரருக்கான பரிசு யாருக்கு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "நாலாம் எண் ஆட்டக்காரர் மேடைக்கு வரவும்" என்றேன். வந்தான். பெயரை அறிவிக்க வேண்டுமே, மெதுவாகக் கேட்டேன். அவன் மைக்கை என் கையிலிருந்து பணிவாக வாங்கிக்கொண்டான்.

"எம்பேரு தனசேகரன். அனந்தபுரத்துல எங்க நைனா ஜவுளிக்கடையில முழம் போடறேன்" என்றான். பிறகு கூட்டத்தின் முன்வரிசையைக் கையால் காட்டினான். "அதோ, வேட்டி கட்டின வாலிபால் கம்பம். அவருதான் எங்க நைனா."

முன்வரிசையில் போட்டோவில் இருந்தவர் எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அவ்வளவு உயரம். அன்று கிளம்பிய சிரிப்பைப் போல ஒரு சிரிப்பை அந்தக் கோட்டை கேட்டிருக்காது.

வீட்டுக்குப் போனேன். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைத்தெருவைப் பார்த்துக் கட்டிய குழாய்க்கு நேர் எதிரே, ஒரு கடைவாசலில் மூட்டை மேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டிருக்கிறார்.

"நல்லா பேசின. ஒரு எழுத்து விடாம கேட்டுச்சி" என்றார். பிறகு, "சாப்டு" என்றார். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சம்பந்தம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் புதன்கிழமை தரகர் வந்தார். "வெள்ளிக்கிழமை சொன்னபடி வரச் சொல்றாங்க" என்றார்.

"எதுக்கு? அடிக்கவா?" என்று கேட்டார் நைனா.

"அது தெரியல. ஆனா பலகாரம் பண்றாங்க."

போனோம். வாசலிலேயே தனசேகரன் நின்றிருந்தான், கையில் துணி அளக்கிற கெஜக்கோலோடு. கேட்காமல் கொள்ளாமல் அதை என் பக்கத்தில் நிறுத்தி அளந்தான். "ஒசரம் கம்மிதான். வாய் மட்டும் நீளம்" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். உள்ளேயிருந்து பெண்களின் சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. நைனா என் சட்டையைப் பின்னால் பிடித்திருந்தார்.

பெண்ணின் அப்பா எங்களை உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க பேசினது போதும் தம்பி" என்றார். பிறகு என் நைனாவிடம் திரும்பினார். "ஊர்ல எல்லாருமே மைக்ல ஒண்ணு பேசுவாங்க, மைக் இல்லாதப்போ ஒண்ணு பேசுவாங்க. உங்க புள்ள ரெண்டையும் மைக்லயே பேசிட்டாரு. இனிமே விசாரிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. பொண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னும் அத்தனை பேருக்கு முன்னாடி சொல்லிட்டாரு. இதுக்கு மேல பொண்ணு பாக்க இன்னா இருக்குது?"

நைனா அன்றுதான் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பெண் பெயர் சரசு. அவளும் மைதானத்துக்கு வந்து மாட்டு வண்டியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. காபி டம்ளரை நீட்டும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "நாலு தவணை இல்ல. எங்க அண்ணன் மூணு தவணையிலதான் எழும்புவான். சரியா பாத்துட்டுச் சொல்லணும்."

அந்த நிமிஷமே எனக்கு இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

கல்யாணம் நடந்தது. எதிர்காலமே கிடையாது என்று நான் சொன்ன தனசேகரன் வாலிபாலாலேயே ஒரு பெரிய ஆலையில் வேலை வாங்கி, பல ஊர்களில் ஆடினான். நான் அவனைப் பார்க்கப் போன எல்லா ஆட்டத்துக்கும் என்னை அனந்தபுரத்துக் கூட்டத்தின் நட்டநடுவில்தான் உட்கார வைத்தார்கள். உண்மையைச் சொன்னால், அதைவிட நல்ல கூட்டத்தை நான் பார்த்ததில்லை. தொண்டை வலிக்க நானும் காக்கா ஓட்டியிருக்கிறேன்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் இன்றுவரை ஒரு வழக்கம் இருக்கிறது. யாரைப் பற்றியாவது யாராவது குறை சொல்ல ஆரம்பித்தால், இன்னொருவர் உடனே, "கரண்ட் வந்துடுச்சா பாரு" என்பார். சமையலறையில் கேட்கும், கல்யாண மண்டபத்தில் கேட்கும், ஒருமுறை ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பற்றிப் பேசும்போதும் கேட்டது. போன மாதம் புதிதாக வந்த பேரன் பெண்டாட்டி, "இதுக்கு இன்னா அர்த்தம் தாத்தா?" என்று என்னிடமே கேட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "அறுபதுகளின் நடுவில்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சும்மா இருங்க, நான் சொல்றேன்" என்று சரசு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு எந்த ஆட்டத்தைத்தான் சரியா சொல்ல வந்திருக்குது?"