மன்னிப்பவரும் அவரே

மனிதர்களில் ஓர் இனம் உண்டு: ஜோடிப் பாட்டை ஒற்றை ஆளாகப் பாடித் தீர்ப்பவர்கள். கென்டக்கி மலைப்பக்கத்தில் ஊருக்கு ஒருவராவது அகப்படுவார். எங்கள் ஊருக்கு வாய்த்தவர் வெர்லின் ஸ்டாம்பர்.

எந்தப் பாட்டு என்று கேட்கவே வேண்டாம். அப்பாவின் ரேடியோவில் ஓடியது, பேத்தியின் போனிலும் ஓடுகிறது. முதல் சரணத்தில் அவன் மன்னிப்புக் கேட்கிறான். இரண்டாவதில் அவள் மன்னிக்கிறாள். மூன்றாவதில் இருவரும் சேர்ந்து உருகுகிறார்கள். ஏன் இன்னும் அலுக்கவில்லை? "தப்பு என்னுதுதான்" என்று சொல்வதைவிட டிராக்டரை விழுங்குவது சுலபம் என்று நினைக்கும் ஆண்கள் நிறைந்த ஊரில், அதை வயலினோடு சேர்த்துச் சொல்ல இந்த ஒரு பாட்டுதான் இருக்கிறது.

வெர்லினோ மாடு கறக்கும்போதும், சவரம் செய்யும்போதும், மாதா கோயில் வாசலில் காத்திருக்கும்போதும் முதல் சரணத்தை அடிவயிற்றிலிருந்து முழங்கிவிட்டு, மறு நொடியே தலையைச் சாய்த்து, சுண்டுவிரலைத் தூக்கி, தொண்டையை இறுக்கி, கீச்சுக்குரலில் தன்னைத் தானே மன்னித்துக்கொள்வார். கேட்பவரும் அவரே, மன்னிப்பவரும் அவரே. மனைவி ஓலெட்டாவுக்கு என்ன வேலை? கேட்டுக்கொண்டிருப்பது.

போன மாதம் இருவரும் ஓலெட்டாவின் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டார்கள். வழியில் பெட்ரோல் பங்கில் வேர்க்கடலை வாங்க ஓலெட்டா இறங்கினார். ரேடியோவில் பாட்டு வந்தது. வெர்லின் பரவசத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டார். ஆண்குரலும் கேட்டது, பெண்குரலும் கேட்டது. வண்டியில் ஆள் குறைகிறது என்று எப்படித் தோன்றும்?

"தங்கச்சி எங்க?" என்றார் அக்கா.

"இதோ இருக்காளே," என்று மறுபக்கக் கதவைப் பெருமையாகத் திறந்துவிட்டார் வெர்லின்.

அன்றிலிருந்து ஓலெட்டா பேசுவது நாயிடம் மட்டும். "சூப்பு அடுப்புல இருக்குன்னு அந்த ஆளுகிட்ட சொல்லுடா."

தீயணைப்பு நிலையத்தில் வருடாவருடம் மீன் வறுவல் விருந்து நடக்கும். கடைசியாக அந்தப் பாட்டை, அந்த வருடம் பெரிதாகச் சண்டை போட்ட ஜோடிதான் பாட வேண்டும். மற்ற வருடங்களில் போட்டி கடுமை. இந்த முறை போட்டியே இல்லை.

மேடைப் படியில் ஓலெட்டா அன்றைக்குப் பிறகு முதல்முறையாக வெர்லினிடமே பேசினார். "உன் சரணத்தை மட்டும் பாடு. என்னோடதுக்கு வாயைத் தொறந்தே, அக்கா வீட்டுக்கு நானே ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன். திரும்பி வர்ற உத்தேசம் இல்ல."

வெர்லின் முதல் சரணத்தை முழங்கினார். ஓலெட்டாவின் சரணம் வந்தது. ஓலெட்டா பையிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து, நிதானமாக உடைத்து, மென்றார். வயலின்காரர் டூயி அந்த இசையையே மறுபடி வாசித்தார். இன்னொரு கடலை. வெர்லினின் சுண்டுவிரல் தானாக எழுந்தது. அவசரமாகத் தொப்பியைக் கழற்றி வாயில் அழுத்திக்கொண்டார். தொப்பிக்குள்ளிருந்து கீச்சென்று ஏதோ வந்தது.

"இன்னும் அழுத்துப்பா, கசியுது!" என்றார் டூயி.

"மன்னிச்சு விடும்மா, மீன் ஆறுது!" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"ஆறட்டும்," என்றார் ஓலெட்டா.

வெர்லின் தொப்பியை இறக்கினார். முகம் வறுத்த நண்டு நிறத்தில் இருந்தது. "ஓலெட்டா, பாட்டா சொல்லல. சும்மாவே சொல்றேன். உன்னை விட்டுட்டுப் போனேன். போனதுகூடப் பெருசில்ல, நீ இல்லாதது எனக்குத் தெரியவே இல்ல. தப்பு என்னுதுதான்."

டூயியின் வில் அந்தரத்தில் நின்றது. இராகமில்லாமல் அந்த வாக்கியத்தை அந்தக் கூடம் கேட்டதே இல்லை.

ஓலெட்டா கடலைப் பையை அவர் கையில் திணித்துவிட்டுப் பாடினார். எண்ணெய் காணாத கதவு மாதிரிக் குரல். சுருதி பக்கத்து ஊரில் நின்றுகொண்டிருந்தது. ஊரே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. மூன்றாவது சரணத்தில் வெர்லின் தன் வரியை மட்டும் பாடினார், பரீட்சை எழுதுகிறவரைப் போல.

வீட்டுக்கு வண்டி ஓட்டியவர் ஓலெட்டா. கிளப்புமுன் பக்கத்து இருக்கையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. அடுத்த முறை நீங்கள் வண்டியில் ஒரு ஜோடிப் பாட்டைப் பாடிக்கொண்டு போகும்போது, இரண்டாவது சரணம் வழக்கத்தைவிட இனிமையாக அமைந்துவிட்டால், தயவுசெய்து பக்கத்து இருக்கையை ஒருமுறை பாருங்கள்.