மொரப்பூர் மூட்டை நடனமான விவரம்

கடத்தூர்,
20.1.1986

மதிப்பிற்குரிய மச்சான் மதலைமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் பிலவேந்திரன் வணங்கி எழுதுவது. நானும் லூர்தம்மாளும் நலம். ஓசூர்ப் பனியில் உங்கள் மூச்சிரைப்பு தணிய மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

நீங்கள் கோபமாக எழுதியபடியே, என் மகள் ஸ்டெல்லாவை அந்தப் புதுமாதிரி நடனக் குழுவிலிருந்து இழுத்து வர வெள்ளிக்கிழமை தருமபுரிக்குப் பஸ் ஏறினேன். ஏறும்போது செருப்பு அறுந்தது, இறங்கும்போது வேட்டி கிழிந்தது, அதே ஆத்திரத்தோடு மண்டபத்துக்குள் நுழைந்தால் சலங்கை இல்லை, பாட்டு இல்லை, எட்டுப் பெண்கள் மூட்டை தூக்குகிறார்கள்! பெங்களூரில் படித்த வஹிதா என்ற பெண், சரக்கு ஏற்றுகிறவர்களின் வேலையை வைத்து நடனம் அமைக்கிறாளாம். இருபது வருடம் மொரப்பூர் ஸ்டேஷனில் புளி மூட்டை தூக்கியவன் எப்படிப் பொறுப்பேன்?

"ஏம்மா, அது மூட்டையா தலகாணியா?" என்று கத்திவிட்டேன்.

"நீங்க எப்பிடிங்க தூக்குவீங்க? சொல்லுங்க" என்றாள் வஹிதா.

"சொல்லத் தெரியாதுங்க, தூக்கத்தான் தெரியும்" என்று தூக்கிக் காட்டினேன். அவள் என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு என் முதுகில் கை வைத்தாள். அவள் முதுகில் ஸ்டெல்லா, ஸ்டெல்லா முதுகில் அடுத்தவள் என்று ரயில் பெட்டிபோல நின்றார்கள்.

"தூக்கறதுக்கு மின்னாடி மூச்ச அடக்குறீங்க பாருங்க!" என்று வஹிதா கூவினாள். எனக்கே தெரியாத சங்கதி! பேப்பர் இல்லை, பென்சில் இல்லை, என் மூச்சு எட்டு முதுகுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நம் ஸ்டெல்லா குள்ளம் அல்லவா, அவளாக இடுப்பைக் கொஞ்சம் திருப்பித் தூக்கினாள். "அப்பா, இப்பிடித் திருப்பிப் பாருங்க, நோவாது" என்றாள். திருப்பினேன். சத்தியமாக நோகவில்லை! இருபது வருட முதுகுவலி, மச்சான்!

ஒத்திகை பாதியில் இருந்ததால் அவளை விட்டுவிட்டு வந்தேன். நாளை லூர்தம்மாள் போய்க் கூட்டி வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க நீங்கள் மாப்பிள்ளை வீட்டாரோடு தாராளமாக வரலாம். பெண் வீட்டில் இருப்பாள், அது என் பொறுப்பு.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடுங்கள்.

இப்படிக்கு,
பிலவேந்திரன்

பின்குறிப்பு: இன்று புதன். நேற்றுப் போன லூர்தம்மாள் திரும்பவில்லை. தேடிப் போனால், முறத்தில் புடைப்பது எப்படி என்று வஹிதாவின் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறாள். "சத்தம் போடாம வந்து நில்லுங்க, ஒரு மூட்டைக்கு ஆள் கொறையுது" என்கிறாள். ஞாயிறன்றுதான் நடனம் மேடையேறுகிறதாம், வீடு பூட்டியிருக்கும். மாப்பிள்ளை வீட்டாரை நேராக மண்டபத்துக்கே கூட்டி வந்துவிடுங்கள். பெண், பெண்ணின் அப்பா, அம்மா மூவரும் மேடையில்தான் இருப்போம்.