மாப்பிள்ளையின் பவளங்களும் மீத்தேன் எதிர்ப்புக் கமிட்டியும்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை நீலமேகம் அவர்களுக்கு,

குடவாசலுக்குத் தெற்கே நம் ஊரிலிருந்து மாமனார் ரெத்தினம் எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை ராசம்மாள் நலம், ஈன்ற பசுவும் கன்றும் நலம். மும்பையில் புது வேலைப் பயிற்சியில் நீங்களும், கூட இருக்கும் எங்கள் மகள் எழிலரசியும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் பவளங்கள் நலமா என்று மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். உங்கள் குரலைக் கேட்டதும், "அங்க மழை உண்டுங்களா மாப்பிள்ளை?" என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

சென்னை வீட்டைக் காலி செய்து நீங்கள் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியை எங்கள் நெல்மூட்டை அறையில் வைத்துவிட்டுப் போனீர்கள். பின்னாலேயே புதுப் பவளங்கள் உயிரோடு பார்சலில் வந்தன. "புதுசா வந்ததுக்கு எடுத்ததும் முழு வெளிச்சம் காட்டக் கூடாது மாமா, வெளுத்துச் செத்துடும். நீல விளக்கை ரொம்பக் கம்மியா வச்சு, நாளுக்குக் கொஞ்சமா ஏத்துங்க, வெயில் படாம பாத்துக்குங்க" என்றீர்கள். மாப்பிள்ளை வாய் திறந்து கேட்ட முதல் உதவி. விடுவேனா? ஜன்னலில் சாக்கை அடித்தேன். கதவைச் சாத்தினேன். அந்த மங்கல் வெளிச்சத்தில் மூட்டையில் இடித்து என் முழங்கால் வீங்கியது, அதுகூடப் பரவாயில்லை. நீங்கள் சொன்னபடியே தினம் விளக்கின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஒருநாள் அதுகள் விரல் விரலாக விரிந்து ஆடின. அத்தை மிரண்டுபோய், "ஏங்க, இது பூவா புழுவா?" என்றாள். "மாப்பிள்ளையோடது" என்றேன். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

ஊர்தான் கேட்டது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று நம்ம பக்கம் எப்படிக் கொதித்துக் கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தோளில் குழாயோடு ஒரு புது ஆள் வயலில் இறங்கினால் எண்ணெய்க் கம்பெனி ஆள் என்று சிறைபிடித்துவிடுகிறார்கள். அந்த எதிர்ப்புக் கமிட்டிக்கு நான் துணைத் தலைவன். மைக் பிடிப்பதும் நான்தான், கோஷம் எழுதுவதும் நான்தான், மறியல் செய்து கல்யாண மண்டபத்தில் அடைபட்டதும் நான்தான். அப்பேர்ப்பட்டவன் வீட்டுச் சாக்கு ஓட்டை வழியாக நீல வெளிச்சம், அதுவும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது, உள்ளே மோட்டார் சத்தம், தண்ணீர் கொப்புளிக்கிற சத்தம்! போதாததற்கு, நீங்கள் மாற்றச் சொன்ன தொட்டியின் பழைய உப்புத் தண்ணீரைக் கொல்லை வாய்க்காலில் கொட்டினேனா, அது அடுத்த வீட்டு மருதையன் கீரைப் பாத்திக்குப் போய் அத்தனையும் கருகிவிட்டது. அவன் தண்ணீரைத் தொட்டு நக்கிப் பார்த்திருக்கிறான். உப்பு! இந்தப் பக்கம் ஆழமாகத் துளை போட்டால்தான் உப்புத் தண்ணீர் மேலே வரும் என்று மேடைக்கு மேடை முழங்கினவன் நான். அவன் நேரே கமிட்டித் தலைவர் துரைராசு வீட்டுக்கு ஓடிவிட்டான்.

மறுநாள் காலை சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறேன், எங்கள் வாசலில் ஊரே நிற்கிறது! இரண்டு கழகத்துக்காரர்களும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள், அப்படி ஒரு காட்சியை இந்த ஊர் பார்த்ததே இல்லை. நான் எழுதிக் கொடுத்த கோஷத்தையே என் வீட்டைப் பார்த்துக் கத்துகிறார்கள், எதுகை மோனை ஒன்றும் குறையவில்லை.

"உள்ள என்னத்தைங்க எடுக்கிறீங்க?" என்றார் துரைராசு.

"எடுக்கலைங்க, வளக்குறேன். பவளம்."

"பவளம் கடல்ல இருக்கும். கடல் நாகூர்ல இருக்கு. உங்க நெல்லு ரூமுக்கு எப்படிங்க வந்துச்சு?"

"பார்சல்ல வந்துச்சு."

"அப்பக் கதவைத் திறங்க."

"திறக்க முடியாதுங்க, வெளிச்சம் பட்டாச் செத்துடும்!"

சத்தியமாக உண்மையைத்தான் சொன்னேன். அது எவ்வளவு திருட்டுத்தனமாகக் கேட்கிறது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அத்தை குறுக்கே விழுந்து, "நாத்தாங்கால் மாதிரி பாத்துக்கிட்டாருய்யா, வுட்டுடுங்கய்யா" என்று அழுதாள். யார் கேட்டார்கள்? சாக்கைப் பிய்த்தார்கள். கிழக்கு ஜன்னல், காலை வெயில் மொத்தமும் தொட்டிக்குள்ளே! அத்தனை பேர் செல்போன் லைட்டும் அதன் மேலே! டிவிக்காரப் பையன் வேறு பெரிய விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறான். சரியாகத் தெரியவில்லை என்று மருதையன் பாவி திருகைக் கடைசி வரைக்கும் முறுக்கிவிட்டான். பவளம் எல்லாம் சட்டென்று சுருங்கிப் போச்சு. நான், "ஐயோ, என் மாப்பிள்ளை!" என்று அலறினேன். உள்ளே நீங்கள்தான் முங்கிக் கிடக்கிறீர்கள் என்று நாலு பேர் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டார்கள்.

தரையைத் தட்டிப் பார்த்து, துளை எதுவும் இல்லை என்று தெரிந்ததும் துரைராசு என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மூட்டை மேல் ஏறி நின்று, "என்னையா சந்தேகப்பட்டீங்க? எனக்குச் சொந்தம்னு எவனாவது அந்த எண்ணெய்க் கம்பெனில காலை வச்சான்னா, அவன் வர்ற வழியில நானே குறுக்க உக்காந்து மறியல் பண்ணுவேன்!" என்றேன். கைதட்டல் அடங்கவில்லை. அங்கேயே என்னைக் கமிட்டித் தலைவர் ஆக்கிவிட்டார்கள். சாயங்காலம் டிவியிலும் காட்டினார்கள்.

இப்போது சாக்கை மறுபடி அடித்து, விளக்கை அடியோடு குறைத்திருக்கிறேன். ஒரு பவளம் நுனியில் வெளுத்திருக்கிறது, மற்றதெல்லாம் மூடிக்கொண்டு பேசமாட்டேன் என்கின்றன. முதலிலிருந்து தொடங்கலாமா என்று எழுதவும். கோபத்தை எழிலரசியிடம் காட்ட வேண்டாம், அது ஒன்றும் அறியாத பிள்ளை. கடைமடை வரைக்கும் தண்ணீர் வந்த வருஷம் போல உங்கள் குடும்பம் நிறைந்திருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
ரெத்தினம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது எழிலரசி போன் செய்தாள். பயிற்சி முடிந்து உங்களுக்கு நம்ம பக்கமே வேலை போட்டுவிட்டார்களாம். மும்பை என்றதும் பேங்க் வேலை என்று நானாக நினைத்திருந்தேன். எந்தக் கம்பெனி என்று இன்றைக்குத்தான் கேட்டேன், அதே எண்ணெய்க் கம்பெனி என்றதும் உட்கார்ந்துவிட்டேன். பவளத்தை விடுங்கள் மாப்பிள்ளை. வரும் தேதியை மட்டும் முன்னதாகத் தெரிவிக்கவும், நான் பந்தல் போட வேண்டும். உங்களைப் பார்த்து நான் என்ன கத்தினாலும் மனதில் வைத்துக்கொள்ளாமல், சுற்றிக்கொண்டு கொல்லை வழியாக வந்துவிடுங்கள். அத்தை விரால் குழம்பு வைத்திருப்பாள், சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். மறியல் முடிந்ததும் நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்.