விநாசித்தம்பி தம் நெஞ்சோடு பொருத படலம்

வாழ்க விநாசித்தம்பி! வட்டுக்கோட்டையில் பிறந்து, கடல்தாண்டி வந்து, பினாங்குத் துறைமுகத்துச் சரக்குக் கிடங்கு அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் கோலோச்சிய எழுதுகோலேந்தல் வாழ்க! கஞ்சிமொடமொடப்புக் கால்சட்டைக் காவலர், மடிப்புக் கலையாத மாண்பாளர், குடையே வாளாகவும் கண்ணாடியே கவசமாகவும் கொண்ட அந்தக் குமாஸ்தாத் திலகத்தின் பெரும்போரை இங்கே உரைக்கப் புகுகிறோம். அவர் எந்த நாட்டையும் வென்றதில்லை. அவர் வென்றது ஒரு நாற்சந்தி. அதன் அகலம் முப்பது கெஜம்.

ஜப்பானியர் தீவைப் பிடித்து இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. நாட்காட்டிகள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றை மறந்து ஜப்பானியக் கணக்கில் இரண்டாயிரத்து அறுநூற்று மூன்று என்றன. கடிகாரங்கள் டோக்கியோ நேரத்தைக் காட்டின. சூரியன் மட்டும் பழைய வழக்கப்படி உதித்து வந்தான். அவர் குடியிருந்த டத்தோ கிராமாட்டிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் வழியிலே அந்த நாற்சந்தி. அங்கே மணல்மூட்டை அரணுக்குள், துப்பாக்கி முனையில் கத்தி செருகி ஒரு காவல் வீரன் நின்றான். அவ்வழி போகிறவர் எவராயினும் சைக்கிளை விட்டிறங்கி, தொப்பியைக் கழற்றி, இடுப்பு மடிய வணங்கிப் போக வேண்டும் என்பது ஆணை.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, விநாசித்தம்பிக்கு முன்னால் போன காய்கறிக்காரர் ஒருவர் இடுப்பைக் கொஞ்சம் குறைவாக வளைத்தார். காவலன் ஓங்கி அறைந்தான். கூடை கவிழ்ந்து, கத்தரிக்காய்கள் உருண்டு வந்து நம் தலைவரின் சப்பாத்தில் முட்டி நின்றன. அடுத்து தலைவர் வணங்கினார், காவலன் போகச் சொன்னான், போனார். அன்று முழுவதும் வழக்கம்போல வேலை பார்த்தார். அதுவரை ஒன்றுமில்லை.

மறுநாள்தான் பகை படையெடுத்தது. சந்திக்கு முப்பது கெஜத்துக்கு முன்னே, ஓர் அங்சானா மரத்தடியில், முன்னறிவிப்பு ஓலையோ முரசோ இன்றி, அவருடைய சொந்த இதயம் அவர்மேல் பாய்ந்தது. கட்டறுத்த களிறுபோல் அது விலாவெலும்பு வேலியை முட்டிற்று. மூச்சுக்காற்று தோற்றோடும் காலாட்படையென ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்தடித்து வெளியேறிற்று. விரல்கள் விறைத்தன, உதடு மரத்தது, கண்முன் இருந்த தெரு கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல் விலகிப்போயிற்று. 'முடிந்தது, சாகிறேன்' என்று எண்ணினார் அந்த ஆண்டகை. காவலனோ அப்போது அவரைப் பார்க்கவே இல்லை. சப்பாத்தைக் கழற்றிக் காலைச் சொறிந்துகொண்டிருந்தான்.

தலைவர் சைக்கிளைத் திருப்பினார். சந்துக்குள் நுழைந்ததும் நெஞ்சு அடங்கிற்று. அந்த ஆறுதல்தான் அவரைத் தோற்கடித்தது. மறுநாள் முதல் அவர் சந்துவழியே போனார். ஒரு வாரத்தில் பகை சந்துக்கும் வந்தது. அவர் அடுத்த சந்துக்குப் பின்வாங்கினார். அதுவும் கூடவே வந்தது. இவ்வாறு தெருத்தெருவாக இராச்சியத்தை இழந்து, ஈற்றில் தம் வீட்டுக் கதவடியில், சப்பாத்துக் கயிறு கட்டும்போதே தாக்கப்பட்டு, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு வீட்டிலே சிறையிருந்தார்.

மூன்றாம் நாள், அதே அலுவலகத்துக் குமாஸ்தாவான கந்தப்பு செய்தியோடு வந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் விநாசித்தம்பியின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும் என்று மேலதிகாரி சொன்னாராம். அடிபட்ட பெயர்கள் அரிசிப் பங்கீட்டை இழந்து வேறொரு பட்டியலுக்குப் போகும் என்பதும், அந்தப் பட்டியல் சயாமில் ரயில்பாதை போடப் போகும் என்பதும், அங்கே போனவர்களிடமிருந்து இதுவரை ஒரு கடிதமும் வரவில்லை என்பதும் ஊருக்கே தெரியும். கந்தப்பு அதைச் சொல்லவில்லை. தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே எழுந்து போனார்.

"இண்டைக்கு நான் செத்துப்போவன்" என்று தலைவர் மனைவியிடம் பிரகடனம் செய்தார். இதே பிரகடனத்தைச் செவ்வாயும் புதனும் கேட்டிருந்த பத்மாவதி, வியாழனன்று சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே இறங்கி, டிரெஸ்ஸர் ஷேக் அலாவுதீனைக் கையோடு கூட்டிவந்தாள்.

அலாவுதீன் இருபதாண்டு காலம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கட்டியும் கலக்கியும் டாக்டர்களுக்குச் சமமாகப் பெயரெடுத்தவர். இப்போது அவர் பையில் மருந்து என்று எதுவும் இல்லை. காதுக்குழாய் இருந்தது. நெஞ்சிலும் முதுகிலும் வைத்து நெடுநேரம் கேட்டார். நாடியைப் பிடித்து எண்ணினார். விறகு பிளக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா, இடக்கைக்கு வலி இறங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று விசாரித்தார். எதற்கும் இல்லை என்றே பதில் வந்தது. மாடிப்படியில் மும்முறை ஏறி இறங்கச் சொன்னார். சாகக் கிடந்த மாவீரர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு மும்முறையும் ஏறி இறங்கினார். இரண்டே நிமிடத்தில் நாடி பழைய நிலைக்கு வந்தது.

"இப்ப உக்காந்துக்கிட்டு ஒரு நிமிஷம் நாய் இளைக்கிற மாதிரி வேகமா மூச்சு விடுங்கண்ணே" என்றார்.

விட்டார். அரை நிமிடம் ஆவதற்குள் விரல்கள் விறைத்தன, உதடு மரத்தது, சுவர் விலகிப்போயிற்று. "இதுதான், இதேதான்" என்று அலறினார் தலைவர்.

"இதை இப்ப யாரு கொண்டாந்தது?"

விநாசித்தம்பி யோசித்தார். "நான்தான்" என்றார்.

"ஜப்பான்காரன் குண்டு போட்ட வாரத்துல, ஒரு காயமும் இல்லாம நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு நாப்பது பேரு வந்தாங்க. ஒருத்தரும் அதால சாகல. இது பைத்தியமும் இல்ல, கோழைத்தனமும் இல்ல. உடம்பு ஆபத்துன்னு மணி அடிக்குது, நிப்பாட்டத் தெரியல. அவ்வளவுதான் லா."

மாரடைப்பு என்னும் பெருநோயை ஒரு நொடியில் பறிகொடுத்த அண்ணலின் முகத்தில் நன்றியைவிட ஏமாற்றமே மிகுந்திருந்தது. காவலன் அறைவது பொய்யா என்று சற்றுச் சூடாகவே கேட்டார்.

"அது நெசம்தான். அவன் அறையலாம். ஆனா அவனுக்குப் படவேண்டிய பயம் அவன் முன்னால மட்டும் இருக்கட்டுமே. சப்பாத்துக் கயித்துக்கிட்ட எதுக்கு?" என்றார் அலாவுதீன்.

பின்பு போர்முறை உபதேசிக்கப்பட்டது. மூச்சை நாலு எண்ணி இழுக்க வேண்டும், ஆறு எண்ணி மெல்ல விட வேண்டும். முக்கியமானது, ஓடக் கூடாது. ஓடினால் அது நாளைக்கு இன்னும் பெரிதாக வரும். நின்றால் கால்மணி நேரத்தில் தானே களைத்துப்போகும். முதலில் மரம்வரை போய் நின்று பழக வேண்டும்.

வெள்ளியும் சனியும் டிரெஸ்ஸர் உடன் நின்றார். ஞாயிறன்று பத்மாவதி ஒரு வெறுங்கூடையோடு வந்து, சந்தைக்குப் போகிறவளைப்போல் மரத்தடியில் கணவருக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் வியர்த்து நடுங்கிய நேரம் முழுதும் அவள் கூடையை இடம் வலமாக இடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். நடுக்கம் நின்றதும், "இண்டைக்கு நேற்றையைவிடக் கெதியா நிண்டிட்டுது" என்றாள்.

திங்கள் விடிந்தது. திசையானைகள் காது நிமிர்த்த, தேவர்கள் ஒருவேளை வேறு வேலையாயிருக்க, கால்சட்டைக் காவலர் களம் புகுந்தார். மரம் வந்தது, மரத்தடியில் பகையும் வந்தது. களிறு முட்டிற்று, காலாட்படை சிதறிற்று. தலைவர் சைக்கிளைத் திருப்பவில்லை. முப்பது கெஜத்தையும் முந்நூறு காதம்போல் உருட்டிக் கடந்து, மணல்மூட்டை அரணின் முன் தொப்பியைக் கழற்றி இடுப்பை வளைத்தார். வளைந்தபின்தான் மூச்சின் நினைவு வந்தது. அலுவலகத்தில் கட்டாயமாகக் கற்பித்த நிப்போங்கோ என்னும் ஜப்பானிய மொழியில் வாய்க்குள் எண்ணிக்கொண்டு மூச்சை விட்டார்: இச்சி, நி, சான், ஷி, கோ, ரொக்கு. இழுத்தார். மறுபடியும் விட்டார். மூன்றாம் முறையும். அதுவரை நிமிரவே இல்லை.

இத்தகைய வணக்கத்தைக் காவலன் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை. அவன் உரக்க ஏதோ கத்தினான். சந்தி உறைந்தது. அவன் கை ஓங்கவில்லை; தலைவரைச் சுட்டி, தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, பின்னால் நின்ற அத்தனை பேரையும் அதேபோல் வணங்கச் சொன்னான். முறையாகக் காட்டித்தரும்படி தலைவருக்குச் சைகை செய்தான். மூன்று சக்கரத் திரிஷா மிதிப்பவர் ஒருவர், துணிமூட்டையோடு இரண்டு பெண்கள், கடைசியில் கந்தப்பு என்று வரிசையாக வளைந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னே விநாசித்தம்பி மீண்டும் வளைந்து, மீண்டும் ஆறு எண்ணினார். கால்மணி நேரம் இப்படிப் போயிற்று. அதற்குள் அவர் நெஞ்சிலிருந்த களிறு களைத்து, தும்பிக்கையைத் தொங்கவிட்டுப் படுத்துவிட்டது.

சந்தியைத் தாண்டியதும் கந்தப்பு இடுப்பில் கைவைத்துக்கொண்டு முனகினார். "அண்ணை, உங்கட புண்ணியத்தில இனி முழு ஊருக்கும் முதுகு முறியப்போகுது."

"என்ர கை விறைக்கேல்ல, கந்தப்பு" என்றார் விநாசித்தம்பி. தம் பத்து விரல்களையும் விரித்து விரித்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

பகை அன்று மாண்டுவிடவில்லை. புதன்கிழமை திரும்பி வந்தது. நின்று பார்த்தார், போய்விட்டது. அடுத்த வாரமும் ஒருமுறை எட்டிப் பார்த்தது. ஆயினும் அந்தத் திங்கட்கிழமை, தீவின் வானம் அதிர வெற்றிமுரசு முழங்கியிருக்க வேண்டிய அந்த நன்னாளில், தோள்கள் பூரிக்க, கால்சட்டை மடிப்புக் காற்றில் கொடியென அசைய, அலுவலகப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டித் தம் அரியணையாகிய பிரம்பு நாற்காலியில் வீற்றிருந்தார் அப்பெருமகன்.

மைக்கூடு காய்ந்துபோயிருந்ததால் வருகைப் புத்தகத்தில் பென்சிலால் கையெழுத்துப் போட்டார்.